மனச்சிதைவும் மூர்க்கமும்: ரத்தத்தில் வருவதா?

“அந்த வீட்டுல பொண்ணு எடுக்காதீங்க. அவங்க பெரியப்பா தஞ்சோங் ரம்புத்தான்ல இருந்தவரு. அடிதடி அவங்க ரத்தத்துலேயே ஊறினது.”

லயத்து வாசலிலும், பிரட்டுக் களத்திலும், கல்யாணப் பேச்சு நடக்கும் இடத்திலும் இந்தப் பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குப் புத்தி பேதலித்து, அவர் ஒரு நாள் பாராங் கத்தியைத் தூக்கிவிட்டால் போதும். அந்தக் குடும்பத்தின் பேரில் முத்திரை விழுந்துவிடுகிறது. தம்பிக்குப் பெண் கிடைப்பதில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகளும் ‘நமக்கும் இப்படி வந்திடுமோ’ என்று உள்ளுக்குள் பயந்தே வளர்கின்றன.

இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை? விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். நோய் வருவதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. மூர்க்கத்திலும் அதற்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் அது தலையெழுத்து அல்ல. நோயாளியின் கை ஓங்குவதும் அடங்குவதும் பெரும்பாலும் நம் கைக்கு எட்டிய காரியங்களைப் பொறுத்தே இருக்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

நோய் என்ன?

மனச்சிதைவு நோயை டாக்டர்கள் ‘ஸ்கிசோஃபிரினியா’ என்பார்கள். நூறு பேரை எடுத்துக்கொண்டால், சுமார் ஒருவருக்கு வாழ்நாளில் இது வருகிறது. ஆண், பெண், பணக்காரர், ஏழை என்ற பேதம் இல்லை. பெரும்பாலும் 16 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில், அதாவது ஒருவர் வேலைக்குப் போய்த் தலையெடுக்கும் பருவத்தில், ஆரம்பிக்கிறது.

நோயாளியின் காதில் யாரோ பேசுவது போலக் குரல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் தமக்கு விஷம் வைக்கிறார், கங்காணி தம்மை வேவு பார்க்கிறார் என்று உறுதியாக நம்புவார். பேச்சு தொடர்பில்லாமல் போகும். குளிப்பது, சாப்பிடுவது, நாலு பேரோடு பழகுவது எல்லாம் குறைந்து, மூலையில் ஒடுங்கிவிடுவார். இது பேய் பிடித்ததும் அல்ல, செய்வினையும் அல்ல. நீரிழிவு எப்படி ஒரு வியாதியோ, அப்படி இது மூளையின் வியாதி.

பரம்பரைக் கணக்கு

யாருக்கும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றால், தாய் அல்லது தகப்பன் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் சுமார் பத்து. கூடப் பிறந்தவருக்கு இருந்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். தாய், தகப்பன் இருவருக்குமே இருந்தால் நூற்றில் சுமார் 40.

இதைப் புரட்டிப் பாருங்கள். நோயாளியான தாய்க்கோ தகப்பனுக்கோ பிறந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 90 பேருக்கு இந்த நோய் வருவதே இல்லை. இன்னொன்றும் உண்டு. நோய் வந்தவர்களில் பெரும்பாலோருடைய தாய் தகப்பன் இருவருமே நோய் இல்லாதவர்கள். ஆகவே ‘வழிவழியாக வரும் வியாதி’ என்று கேட்டதும் குடும்பம் முழுவதையும் ஒதுக்குவது கணக்குத் தெரியாத பேச்சு.

அச்சாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்களைப் பாருங்கள். இருவருக்கும் பரம்பரைச் சரக்கு ஒன்றேதான். அவர்களில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு நூற்றில் 40 முதல் 50 வரைதான். பாதிக்கு மேற்பட்டோர் தப்பிவிடுகிறார்கள்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டுமரம் நமக்குத் தெரியாததா? அந்த மரங்கள் எல்லாம் ஒரே தாய்மரத்து மொட்டிலிருந்து வந்தவை. ஆனாலும் ஒரே நிரையில் ஒரு மரம் கோப்பை நிறையப் பால் தருகிறது. பக்கத்து மரம் பட்டை காய்ந்து நிற்கிறது. மண், உரம், மழை, வெட்டியவர் கை, பட்டையில் விழுந்த காயம் எல்லாம் சேர்ந்துதான் மரத்தின் பலன். மனிதனும் அப்படியே. பரம்பரை என்பது ஒட்டுக்கன்று. வாழ்க்கை என்பது மண்ணும் வெட்டும்.

மூர்க்கத்துக்கென்று ஒரு ஜீன் உண்டா?

தாயிடமிருந்து பாதியும் தகப்பனிடமிருந்து பாதியுமாக நமக்கு வரும் பரம்பரைக் குறிப்புகளைத்தான் ‘ஜீன்’ அல்லது மரபணு என்கிறோம். மனச்சிதைவு நோய்க்கு ஒரே ஒரு ஜீன் காரணம் என்று ஒரு காலத்தில் தேடினார்கள். கிடைக்கவில்லை. 2022-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 76,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களைப் பரிசோதித்தார்கள். நோயோடு சம்பந்தப்பட்ட இடங்கள் 287 இருப்பதாகத் தெரிந்தது. ஒவ்வொன்றும் தனியாகச் செய்வது மிகக் கொஞ்சம். பல சேர்ந்து கூடும்போதுதான் பாரம் ஏறுகிறது.

கோபத்துக்கும் அடிதடிக்கும் இதே கதைதான். இருந்தாலும் இரண்டு ஜீன்களைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, சி.ஓ.எம்.டி. என்ற ஜீன். மூளையில் ‘டோபமின்’ என்ற ரசாயனம் ஒரு செல்லிலிருந்து மற்றொரு செல்லுக்குச் செய்தி கொண்டுபோகிறது. வேலை முடிந்ததும் அதைக் கூட்டிப் பெருக்க ஒரு நொதி வேண்டும். அந்த நொதியைச் செய்யச் சொல்வதுதான் இந்த ஜீன். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று சுறுசுறுப்பு வகை. மற்றது மந்த வகை. சுறுசுறுப்பு வகை மூன்று நான்கு மடங்கு வேகமாக வேலை செய்யும். மந்த வகை உள்ளவர்களின் மூளையில், நிதானத்தையும் யோசனையையும் கவனிக்கும் முன்பகுதியில், டோபமின் சற்று அதிகம் தேங்கி நிற்கும்.

மனச்சிதைவு நோயாளிகளில் மந்த வகை உள்ளவர்கள் அதிகம் கை ஓங்குகிறார்களோ என்ற சந்தேகம் 1990-களின் பிற்பகுதியில் எழுந்தது. சில ஆய்வுகள் ‘ஆம்’ என்றன. சில ‘இல்லை’ என்றன. 2012-இல் 15 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டி, மொத்தம் 2,370 நோயாளிகளைக் கணக்கிட்டார்கள். மந்த வகை உள்ளவர்களுக்கு அபாயம் சுமார் 50 விழுக்காடு கூடுதல் என்று முடிவு வந்தது.

‘ஐம்பது விழுக்காடா!’ என்று பதற வேண்டாம். உதாரணத்துக்கு, சுறுசுறுப்பு வகை மட்டும் உள்ள நூறு நோயாளிகளில் பத்துப் பேர் கை ஓங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்த வகை உள்ள நூறு பேரில் அது சுமார் பதினைந்து ஆகும். மீதி 85 பேரும் அதே ஜீனை வைத்துக்கொண்டு சாதுவாகத்தான் இருக்கிறார்கள். அதோடு, இந்த மந்த வகை அபூர்வமானதும் அல்ல. எந்த நோயும் இல்லாத கோடிக்கணக்கான மக்களிடம் அது இருக்கிறது. உங்களிடமும் இருக்கலாம், இதை எழுதுபவரிடமும் இருக்கலாம்.

இரண்டாவது, எம்.ஏ.ஓ.ஏ. என்ற ஜீன். பத்திரிகைகள் இதற்குப் ‘போர்வீரன் ஜீன்’ என்று பட்டமே சூட்டிவிட்டன. ஹாலந்து நாட்டில் ஒரு குடும்பத்தில் ஆண்கள் பலருக்கு இந்த ஜீன் வேலையே செய்யவில்லை என்பதையும், அவர்கள் திடீர் திடீரென்று மூர்க்கமானார்கள் என்பதையும் 1993-இல் கண்டுபிடித்தார்கள். அத்தகைய குடும்பங்கள் உலகிலேயே மிக மிகச் சில. அது மனச்சிதைவு நோயும் அல்ல.

நமக்குப் பாடம் தருவது 2002-இல் நியூசிலாந்தின் டனிடின் நகரிலிருந்து வந்த ஆய்வு. அங்கே பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்தே தொடர்ந்து கவனித்து வந்தார்கள். அவர்களில் 442 ஆண்பிள்ளைகளைப் பார்த்தபோது, எம்.ஏ.ஓ.ஏ. ஜீன் மந்தமாக இருந்து, சிறு வயதில் அடி உதையும் கொடுமையும் பட்டவர்களே பிற்காலத்தில் அதிகம் வன்முறைக்குப் போயிருந்தார்கள். அதே மந்த ஜீன் இருந்தும் அன்பாக வளர்க்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட மோசமாகவில்லை. இதுவும் பொதுமக்களில் செய்த ஆய்வுதான், நோயாளிகளில் அல்ல. ஆனாலும் கருத்து தெளிவு. விதை ஒரு பக்கம் கிடந்தாலும், பிரம்படி என்ற தண்ணீர் ஊற்றினால்தான் அது முளைக்கிறது.

ஆகவே, ரத்தத்தைச் சோதித்து ‘இவர் நாளை அடிப்பார், இவர் அடிக்க மாட்டார்’ என்று சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது. யாராவது பணம் கேட்டு அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

சுவீடன் நாட்டுக் கணக்கு

சரி, நோயாளிகளில் எத்தனை பேர்தான் வன்முறை செய்கிறார்கள்? சுவீடன் நாட்டில் ஒவ்வொருவருடைய ஆஸ்பத்திரிப் பதிவும் நீதிமன்றப் பதிவும் ஒழுங்காக இருக்கின்றன. 1973 முதல் 2006 வரையிலான பதிவுகளை வைத்து 8,003 மனச்சிதைவு நோயாளிகளைப் பொதுமக்களோடு ஒப்பிட்டு 2009-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள்.

பொதுமக்களில் வன்முறைக் குற்றம் செய்தவர்கள் நூற்றுக்கு 5.3 பேர். நோயாளிகளில் 13.2 பேர். அதிகம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நோயாளிகளையே இரண்டாகப் பிரித்தபோது உண்மை வெளிப்பட்டது. குடி அல்லது போதைப் பழக்கம் உள்ள நோயாளிகளில் நூற்றுக்கு 27.6 பேர். அந்தப் பழக்கம் இல்லாதவர்களில் 8.5 பேர்தான். வயது, வருமானம் போன்ற மற்ற வித்தியாசங்களையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, குடி இல்லாத நோயாளிக்கும் சாதாரண ஆளுக்கும் இருந்த இடைவெளி மிகச் சிறிது.

இதே ஆய்வில் பரம்பரை பற்றிய செய்தியும் இருக்கிறது. குடி, போதைப் பழக்கம் உள்ள நோயாளிகளை, நோய் இல்லாத அவர்களுடைய கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நோயாளிகளில் நூற்றுக்கு 28.3 பேர், நோயே இல்லாத அண்ணன் தம்பி, அக்காள் தங்கைகளில் 17.9 பேர் வன்முறைக் குற்றம் செய்திருந்தார்கள். அதாவது, நாம் ‘பைத்தியத்தால் வந்த மூர்க்கம்’ என்று நினைப்பதில் ஒரு பகுதி, நோயால் வந்ததே அல்ல. ஒரே வீட்டில் பகிர்ந்துகொண்டவற்றால் வந்தது. அந்த வீட்டில் பகிர்ந்துகொண்டது ஜீனும்தான்; சண்டையும், வறுமையும், சின்ன வயதில் பார்த்த அடிதடியும்தான்.

நம் தோட்டப்புறத்துக்கு இந்தக் கணக்கு நேராகவே பேசுகிறது. மலிவு சம்சு நம் குடும்பங்களைச் செய்த நாசம் நமக்குத் தெரியும். இன்று அதோடு கஞ்சாவும் சியாபுவும் சேர்ந்திருக்கின்றன. சியாபு, நோய் இல்லாதவருக்கே குரல் கேட்கவும் சந்தேகம் தலைக்கேறவும் செய்யக்கூடியது. நோய் இருப்பவருக்கு அது எரிகிற நெருப்பில் மண்ணெண்ணெய். ‘பாவம், மனசு சரியில்லாதவன், ஒரு கிளாஸ் குடிச்சிட்டுத் தூங்கட்டும்’ என்று ஊற்றிக் கொடுக்கும் கூட்டாளி நண்பன் அல்ல.

அவர் ஏன் கை ஓங்குகிறார்?

கை ஓங்கும் நோயாளி பல நேரம் பயத்தில்தான் ஓங்குகிறார். “உன்னைக் கொல்ல வர்றாங்க” என்று குரல் சொல்கிறது. கதவைத் தட்டுபவர் கொலைகாரராகவே தெரிகிறார். தற்காப்புக்காக அடிக்கிறோம் என்றே அவர் நினைக்கிறார். ஆகவே அடி பெரும்பாலும் விழுவது கூடவே இருக்கும் தாய்க்கும், மனைவிக்கும், கூடப்பிறந்தவருக்கும்தான்.

ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இந்த நோயாளிகள் பிறரை அடிப்பதைவிட, பிறரால் அடிபடுவதும் ஏமாற்றப்படுவதும்தான் அதிகம். நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கிறார்கள். அவர்களிடமிருந்து ஊரைக் காப்பதோடு, அவர்களையும் காக்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

மருந்து செய்யும் வேலை

இந்த நோய்க்கு முதல் நல்ல மருந்து 1952-இல் பிரான்ஸில் வந்தது. அதற்கு முன் அடைத்து வைப்பதைத் தவிர உலகில் பெரிய வழி இல்லை. இன்று பலவகை மாத்திரைகள் உள்ளன. மாத்திரை தினமும் விழுங்க மறுப்பவருக்கு இரண்டு வாரம் அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. மற்ற மருந்துகள் பலிக்காமல், மூர்க்கமும் அடங்காமல் இருப்பவருக்கு ‘குளோசபின்’ என்ற மருந்து நல்ல பலன் தருகிறது. அது வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், ஆரம்பத்தில் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அலுப்பாக இருந்தாலும் அதை விடக் கூடாது.

2014-இல் வெளிவந்த மற்றொரு சுவீடன் ஆய்வில், மருந்து சாப்பிட்ட காலத்தையும் சாப்பிடாத காலத்தையும் அதே ஆட்களிடமே ஒப்பிட்டார்கள். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்துகளைச் சாப்பிட்ட காலத்தில் வன்முறைக் குற்றங்கள் 45 விழுக்காடு குறைந்திருந்தன. கவனியுங்கள்: அதே ஆள், அதே ரத்தம், அதே ஜீன். மாறியது மருந்து மட்டுமே. ‘ரத்தத்தில் ஊறியது, ஒன்றும் செய்ய முடியாது’ என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

நம் ஆட்கள் வழுக்குவதும் இங்கேதான். இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டதும் குரல் நின்றுவிடும், தூக்கம் வரும். ‘சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?’ என்று நிறுத்திவிடுவார்கள். மருந்தால் உடம்பு பெருக்கிறது, கை நடுங்குகிறது, காலையில் எழுந்து வேலைக்குப் போக முடியவில்லை என்பதும் உண்மைதான். அதற்கு வழி, டாக்டரிடம் சொல்லி மருந்தையோ அளவையோ மாற்றிக்கொள்வது. தாமாக நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பிவிடலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. முன்னறிகுறியைப் பாருங்கள். தூக்கம் போவது, தனியாகப் பேசுவது, ஒரே ஆளைக் குறிவைத்துச் சந்தேகப்படுவது, கத்தியைத் தலையணைக்கடியில் வைப்பது ஆகியவை நோய் திரும்புவதைக் காட்டும். அன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். முன்பு ஒருமுறை கை ஓங்கியவர் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

2. பால்வெட்டும் கத்தி, பாராங், செம்பனை அரிவாள் ஆகியவற்றை அப்போது வீட்டில் வெளியே வைக்காதீர்கள். ஸ்டோரிலோ பக்கத்து வீட்டிலோ பூட்டி வையுங்கள்.

3. “குரலாவது மண்ணாவது” என்று வாதாடாதீர்கள். அவருக்கு அது நிஜமாகவே கேட்கிறது. “உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுதுப்பா, நான் இங்கதான் இருக்கேன்” என்று தாழ்ந்த குரலில் பேசுங்கள். கூட்டம் கூடி வேடிக்கை பார்க்க விடாதீர்கள். அவர் வெளியே போகும் வழியை மறித்து நிற்காதீர்கள்.

4. சங்கிலியால் கட்டுவதும் அடிப்பதும் வேண்டாம். பயத்தில் இருப்பவரை அடித்தால் பயம்தான் கூடும். கோயிலுக்குப் போவதும் நேர்த்தி செய்வதும் உங்கள் நம்பிக்கை. அதற்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை.

5. ஆபத்து என்று தெரிந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முதலில் விலகிப் போய் 999-க்கு அழையுங்கள். மலேசியாவில் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி, மனநோயால் தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவரைப் போலீசார் அரசாங்க மனநல ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். அங்கே அவர் போவது சிகிச்சைக்காக. மனம் விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

6. சிகிச்சைக்குத் தூரம் போக வேண்டுமே என்று தயங்காதீர்கள். உலு கிந்தாவில் உள்ள பஹாகியா ஆஸ்பத்திரி, அதாவது நாம் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்று சொல்வது, 1911-இல் தொடங்கியது. அக்காலத்தில் அங்கே போனவர்கள் பலர் திரும்பவில்லை. இன்று அப்படி இல்லை. பெரும்பாலோர் பொது ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்து, பக்கத்து அரசாங்க கிளினிக்கிலேயே மருந்து வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே வேலைக்குப் போகிறார்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். நோயால் இனி வேலையே செய்ய முடியாது என்ற நிலை வந்தால், சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டா என்று சங்கக் கிளைச் செயலாளரிடம் கேளுங்கள்.

கல்யாணம் செய்யலாமா?

பெற்றோர் பலர் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. மாப்பிள்ளையின் அண்ணனுக்கு நோய் இருக்கிறது; மாப்பிள்ளை 30 வயது தாண்டி நல்லபடியாக இருக்கிறார் என்றால், அவருக்கு இனி நோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. பரம்பரையைக் கேட்பதைவிட, அவர் குடிக்கிறாரா, கோபம் வந்தால் என்ன செய்கிறார் என்று விசாரிப்பதுதான் புத்திசாலித்தனம். இரு குடும்பத்திலுமே இந்நோய் இருந்தால் மட்டும் மறைக்காமல் டாக்டரிடம் யோசனை கேளுங்கள். மறைத்துச் செய்யும் கல்யாணம்தான் பிறகு மருந்தையும் மறைத்துச் சாப்பிட வைக்கிறது. மறைத்துச் சாப்பிடும் மருந்து சீக்கிரமே நின்றுபோகிறது.

தோழர்களே, தாய்மார்களே! தாய் தகப்பன் கொடுத்த ஜீனை யாரும் மாற்ற முடியாது. ஆனால் சம்சு பாட்டிலை வீட்டுக்கு வெளியே நிறுத்தலாம். மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கலாம். பிள்ளையைப் பிரம்பால் அடிக்காமல் வளர்க்கலாம். அடுத்த முறை யாராவது “அது அவங்க ரத்தம்” என்று சொன்னால், “மருந்து ஒழுங்கா சாப்பிடுறாரான்னு கேட்டீங்களா?” என்று கேளுங்கள்.